ஈகோ வேனின் முன்பக்க சஸ்பென்ஷன்: வாங்கிய பாகங்களும் வீட்டில் செய்த வேலையும்

எங்கள் வீட்டில் ஓடும் வேன், 2014-இல் வாங்கிய மாருதி ஈகோ. ஏழு பேர் அமரலாம். ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. வார நாட்களில் தம்பியின் சமையல் ஒப்பந்த வேலைக்கு அண்டாவும் அடுப்பும் ஏற்றிச் செல்லும். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தை ஏற்றிக்கொள்ளும். ஒரு லட்சத்து எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியபின், கடந்த ஆடி மாதத்தில் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. வேகத்தடையில் ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது இடது பக்கம், காலுக்கடியில் யாரோ மரச்சுத்தியால் தட்டியதுபோல ‘டொக்’ என்று ஒரே ஒரு ஒலி. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பினால், முறுக்கிக்கொண்ட கம்பி விடுபடுவதுபோல இன்னொரு ஒலி. அந்தச் சத்தங்களைப் போக்க நான் வாங்கிய ஷாக் அப்சார்பர், அதன் மேல் மவுன்ட், லோயர் ஆர்ம், டை ராடு எண்ட் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் கம்பியின் முனை) ஆகியவற்றையும், அவற்றை வீட்டிலேயே மாற்றுவதற்காக வாங்கிய ஒரு கருவியையும் பற்றியது இந்த மதிப்பீடு. பாகங்கள் கொடுத்த காசுக்குத் தகுந்தவை. கருவி அப்படியில்லை, அதை இன்னொருவர் வாங்கிவிடக் கூடாது என்பதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம்.

ஈகோவின் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் ஃபோர்டு நிறுவனம் 1950-இல் கான்சல், ஜெஃபிர் கார்களில் கொண்டுவந்த அதே ஏற்பாடுதான், எழுபது ஆண்டுகளைத் தாண்டியும் சிறிய வண்டிகளில் நிலைத்து நிற்கிறது. இதில் ஷாக் அப்சார்பர் வெறுமனே குலுக்கலை அடக்குவதோடு நிற்பதில்லை. சுருள்வில்லைத் தன் மேல் தாங்கிக்கொண்டு, சக்கரத்தைச் செங்குத்தாகப் பிடித்து நிறுத்தும் தூணாகவும் வேலை செய்கிறது. கீழே லோயர் ஆர்ம் ஒரு பால் ஜாயின்ட் (எப்பக்கமும் அசையும் குண்டு மூட்டு) வழியாகச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற உலோகப் பாகத்தைப் பிடித்துக்கொள்ள, மேலே ரப்பர் மவுன்ட்டும் பேரிங்கும் சேர்ந்து, ஷாக்கும் சுருள்வில்லும் சேர்ந்த ஸ்ட்ரட்டை வண்டியின் உடலோடு இணைக்கின்றன. இந்தக் கடைசி இரண்டையும் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்துதான் இருந்தேன்.

கடைக்குப் போவதற்கு முன்பு, எது தேய்ந்திருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் இரு கைகளாலும் பிடித்து ஆட்டினால், ஆட்டம் தெரிகிற பட்சத்தில் சந்தேகம் டை ராடு எண்டின் மீது விழும். 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், குற்றவாளி வீல் பேரிங்காகவும் இருக்கலாம், பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம். அப்போது ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். எங்கள் வண்டியில் பிரேக்கை மிதித்தபிறகும் ஆட்டம் அப்படியே இருந்தது. இடது ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் செம்மண் படிந்து, சாந்துபோல இறுகியிருந்தது. வலது ஷாக் உலர்ந்துதான் இருந்தது, ஆனால் அந்தப் பக்கத்து டயரைக் கையால் தடவியபோது மேடும் பள்ளமுமாக அலையலையாகத் தேய்ந்திருந்தது தெரிந்தது. கசிவு இல்லை என்பதால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

பாகங்களை வாங்கியது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், எல்லோரும் ஜி.பி. ரோடு என்று சொல்லும் உதிரிபாகக் கடைத்தெருவில். கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். ஒரே கடைக்கு விளம்பரம்போல ஆகிவிடும். கவுண்ட்டரில் இருந்த பெரியவர், ‘முன் ஷாக் ஒரு ஜோடி’ என்று நான் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடவில்லை.

“சத்தம் ஓடும்போதா வருது, நிக்கும்போதா?”

“ரெண்டும் வருது சார். நின்னுக்கிட்டு ஸ்டீயரிங் திருப்புனா ஒரு மாதிரி, ஸ்பீட் பிரேக்கர்ல ஒரு மாதிரி.”

“அப்ப மேல மவுன்ட் பேரிங்கும் போயிருக்கும். ஷாக்க மட்டும் மாத்திட்டுப் பழைய ரப்பரயே போட்டீங்கன்னா, சத்தம் உங்க கூடவே வீட்டுக்கு வரும்.”

பாகம் விற்க நினைப்பவர் சொல்லக்கூடிய பேச்சுதானே என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது உண்மை. பழையதைக் கழற்றியபிறகு, இடப்பக்க மவுன்ட்டின் ரப்பர் உலோகத் தட்டிலிருந்து பாதி வட்டம் பிரிந்து கிடந்ததைப் பார்த்தபோது மனத்துக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வண்டியின் ஆண்டையும் சேஸிஸ் எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டு, இடது, வலது என்று தனித்தனிப் பெட்டிகளாக எடுத்து, பெட்டியின் பாக எண்ணை என் எதிரிலேயே தன் பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டினார். முன் ஷாக்குகளில் இடமும் வலமும் வேறு என்பது தெரியாமல் ஒரே பக்கத்தில் இரண்டு வாங்கிவந்து, மறுநாள் திரும்ப ஓடியவர்கள் என் நட்பு வட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஷாக் கேப்ரியல் தயாரிப்பு. 1961 முதல் இந்தியாவில் இயங்கும் நிறுவனம் அது. ஓசூரிலும் தொழிற்சாலை உண்டு. பெட்டியிலிருந்து எடுத்ததும் நிமிர்த்திப் பிடித்து, தண்டை மெதுவாக அழுத்தி முழுவதும் இழுத்து, ஐந்தாறு முறை இயக்கிப் பார்க்க வேண்டும். படுத்த நிலையில் கடையில் கிடந்தபோது உள்ளே எண்ணெயில் கலந்திருக்கக்கூடிய வாயு அப்போதுதான் மேலே போகும். முதல் இரண்டு இழுப்புகளில் நடுவில் ஓர் இடத்தில் தளர்வாக இருந்தது, மூன்றாவதிலிருந்து ஒரே சீரான இறுக்கம் கிடைத்தது. இரண்டு ஷாக்குகளும் ஒரே வேகத்தில் தாமாக மேலெழுந்தன. வெல்டிங் சுத்தமாக இருந்தது, பெயிண்ட் மட்டும் இன்னும் சற்றுத் தடிமனாக இருந்திருக்கலாம். கடற்கரைக்கு அருகில் வசிக்கிறவன் என்பதால் இதைச் சொல்கிறேன். பொருத்துவதற்கு முன் பிராக்கெட் பகுதிகளுக்கு நானே ஒரு பூச்சு கொடுத்துக்கொண்டேன். தண்டின்மேல் எதுவும் படக் கூடாது. பிளையரால் ஒருமுறை கடித்துப் பிடித்தாலும் போதும், அந்தக் கீறல் எண்ணெய் சீலைக் கிழித்துப் புதிய ஷாக்கைச் சில மாதங்களில் பழையதாக்கிவிடும்.

டை ராடு எண்ட் ரானே. 1929-இல் சென்னையில் தொடங்கிய குழுமம் என்பதால் கொஞ்சம் ஊர்ப்பாசமும் கலந்த தேர்வுதான், ஆனால் அதில் குறைசொல்ல எதுவும் கிடைக்கவில்லை. கையால் அசைத்தால் அசைய மறுக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தது. புதிய பால் ஜாயின்ட் அப்படித்தான் இருக்க வேண்டும். மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசிக் கவசம் ஆகிய ரப்பர் சாமான்களை மட்டும் மாருதியின் ஜெனுயின் பாகங்களாகவே வாங்கினேன். வெளிச்சந்தை ரப்பர் விலையில் பாதிதான். இருந்தாலும், மீண்டும் ஸ்ட்ரட்டை முழுவதும் பிரித்துத்தான் மாற்ற வேண்டும் என்னும் ஒரு பாகத்தில் சிக்கனம் பார்ப்பது தவறான கணக்கு.

லோயர் ஆர்மை, பால் ஜாயின்ட்டும் புஷ்களும் (ஆர்மை வண்டியோடு இணைக்கும், நடுவில் இரும்புக் குழல் உள்ள ரப்பர் வளையங்கள்) ஏற்கெனவே பொருத்தப்பட்டு வரும் முழு அமைப்பாக வாங்கினேன். பழைய ஆர்மில் புது புஷ் அடிப்பதற்கு லேத் பட்டறையில் பிரெஸ் வேண்டும், வீட்டில் சுத்தியால் அடித்து ஏற்றினால் புஷ்ஷின் ஓரம் மடங்கிப்போகும். இந்த ஆர்மின் தயாரிப்பாளர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இரண்டில் ஒன்று குறையின்றி இருந்தது. மற்றொன்றில் பால் ஜாயின்ட்டின் ரப்பர் கவசத்தைப் பிடிக்கும் வளையம் அதன் காடியில் உட்காராமல் ஒரு பக்கம் வெளியே நின்றது. அப்படியே மாட்டியிருந்தால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸைக் கரைத்திருக்கும். மறுநாள் எடுத்துக்கொண்டு போனபோது கடைப் பெரியவர் ஒரு கேள்வியும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் போகவர ஆறு மணிநேரம் போயிற்று. பெட்டியைக் கடையிலேயே திறந்து, கவசத்தைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

வேலையைப் புரட்டாசியின் இரண்டாவது சனிக்கிழமை காலையில், வீட்டுப் போர்ட்டிகோவில் தொடங்கினோம். கருவிகள் என்று பெரிதாக ஒன்றுமில்லை: 14, 17, 19 அளவுகளில் ரிங் ஸ்பானரும் சாக்கெட்டும், இரண்டடி நீளக் குழாய் ஒன்று, நான்கு ராத்தல் சுத்தி, டார்க் ரெஞ்சு (குறித்த அளவு விசையில் நட்டை இறுக்கும் ஸ்பானர்), ஜாக்கி, அதோடு இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள். வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுப்பதும் அதே அளவு ஆபத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் கல் விரிசல் விட்டு முன்னறிவிப்புத் தருவதில்லை, ஒரே நொடியில் பொடியாகிவிடுகிறது. பின்சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை வைத்தோம்.

கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கும் வீட்டில் பத்தாண்டு நின்ற வண்டி என்பதால், உண்மையான போராட்டம் துருவோடுதான். முந்தின நாள் இரவே எல்லா நட்டுகளிலும் துரு எண்ணெய் அடித்துவைத்திருந்தேன். பெரும்பாலானவை குழாயை மாட்டி அழுத்தியதும் ‘கிரீச்’ என்று ஒரு சத்தத்தோடு வழிக்கு வந்தன. வலது லோயர் ஆர்மின் உட்பக்கப் போல்ட் மட்டும் வரவில்லை. நட்டு கழன்றுவிட்டது, போல்ட் தன் இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது, ஆனால் ஒரு நூலளவுகூட வெளியே நகரவில்லை. புஷ்ஷின் நடுவில் உள்ள இரும்புக் குழலோடு போல்ட் துருவால் ஒன்றாகிப் போயிருந்தது. நாங்கள் சுற்றியபோதெல்லாம் புஷ்ஷின் ரப்பர்தான் முறுகிக்கொண்டிருந்தது. சுத்தியால் அடித்தால் மரையின் தலை மலர்ந்துவிடும் என்பதால் நட்டைத் திரும்ப மேல்மட்டமாக ஏற்றி, அதன்மேல் செப்புத் துண்டு வைத்து அடித்தோம். பிறகு எண்ணெய், அரைமணி நேரம், மறுபடி சுத்தி. பதினொன்றரை மணிக்குத் தொடங்கியது இரண்டே காலுக்குத்தான் முடிந்தது, அதுவும் ஆர்மை எப்படியும் தூக்கி எறியப்போகிறோம் என்ற துணிவில் புஷ்ஷின் ரப்பரை ரம்பத்தால் அறுத்து, குழலைத் தனியாக உளியால் பிளந்தபிறகு. வெளியே வந்த போல்ட்டின் நடுப்பகுதி கறையான் அரித்த குச்சிபோல மெலிந்திருந்தது. அதை மீண்டும் போடும் எண்ணமே எழவில்லை. அருகிலுள்ள கடையில் உயர்வலுப் போல்ட்டுகள் கிடைத்தாலும், சஸ்பென்ஷன் போல்ட்டை மாருதி பாகமாகவே வாங்க வேண்டும் என்று காத்திருந்ததில் சனிக்கிழமை அத்தோடு முடிந்தது. இந்த வேலையை ஒரே நாளில் முடிக்கலாம் என்று சொல்பவர்கள் திருச்சியிலோ தருமபுரியிலோ வசிப்பவர்களாக இருக்க வேண்டும்.

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது இரண்டு விஷயங்களில் கவனம் தேவைப்பட்டது. ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டோம். சக்கரத்தின் சாய்வு ஓரளவாவது பழைய இடத்துக்குத் திரும்ப அது உதவும். பிரேக் கேலிப்பரைக் கழற்ற வேண்டி வந்தால் அதை ஹோஸில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் மேலே கட்டிவிட வேண்டும். டை ராடு எண்டைக் கழற்றும்போது அது எத்தனை சுற்று சுற்றி வெளிவருகிறது என்று எண்ணிக்கொண்டு, புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றினால், அலைன்மென்ட் கடை வரை வண்டியை நேராக ஓட்டிச் செல்லலாம். எங்களுக்குப் பதினேழரைச் சுற்று வந்தது. தம்பி பதினெட்டு என்றான். என் கணக்கையே வைத்துக்கொண்டோம்.

இனி அந்தக் கருவி. பழைய ஸ்ட்ரட்டிலிருந்து சுருள்வில்லைக் கழற்றிப் புதியதில் ஏற்றுவதற்கு, வில்லை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்காக இணையத்தில் ஒரு ஸ்பிரிங் கம்ப்ரஸர் வாங்கியிருந்தேன்: நீண்ட மரையுள்ள இரண்டு கம்பிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கொக்கிகள். விலை ஆயிரம் ரூபாய்க்குள். மரையில் பிசிறு இருந்ததைக் கையுறை மாட்டியபோதே உணர்ந்தேன், கிரீஸ் தடவினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வில்லின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இருபுறமும் மாறிமாறி இரண்டிரண்டு சுற்றாக இறுக்கிக்கொண்டே போனோம். வில் மூன்று விரற்கடை அளவு அமுங்கியிருந்தபோது, ஒரு கொக்கி வில்லின் சுருளில் கட்டைவிரல் அகலத்துக்கு ‘டக்’ என்று வழுக்கி நகர்ந்து நின்றது. அந்தக் கொக்கியில் வில்லைச் சிறைப்பிடிக்கும் பூட்டுமுள் கிடையாது. வில்லின் வளைவுக்கும் கொக்கியின் வளைவுக்கும் பொருத்தமும் கிடையாது. அமுங்கிய முன்பக்க வில்லில் அடைந்துகிடக்கும் விசை, நழுவினால் கையை முறிக்கப் போதுமானது, முகத்தில் பட்டால் அதற்கு மேலும். அந்த நேரம் தம்பி அதற்கு நேராகக் குனிந்திருந்தான். ஒருவரும் பேசவில்லை. அவனை எழுந்து பின்னால் போகச் சொல்லிவிட்டு, நான் பக்கவாட்டில் நின்றபடி, கால்வாசிச் சுற்றாகத் தளர்த்தி முழுவதும் விடுவித்தேன்.

பிறகு இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் புதிய பாகங்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, சஸ்பென்ஷன் வேலை மட்டும் செய்யும் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே சுவரோடு பொருத்திய ஹைட்ராலிக் அமுக்கி இருந்தது. வில்லை மேலும் கீழும் தட்டுகளில் உட்காரவைத்து, கம்பிக் கூண்டை மூடிவிட்டு அமுக்கினார் மெக்கானிக். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம், அறுநூறு ரூபாய். வில்லின் நுனி, கீழ்த்தட்டில் அதற்கென இருக்கும் படியில் சரியாக முட்டி நிற்கிறதா என்பதை அவர் இரண்டு முறை சரிபார்த்தார்; “இது ஒரு அங்குலம் தள்ளி உக்காந்தா, திருப்புறப்பல்லாம் பேசும் அண்ணா” என்றார். வீட்டில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலிலிருந்து இந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள். மிச்சமெல்லாம் பொறுமை இருக்கிற எவராலும் முடியும். பூட்டுமுள் உள்ள தரமான கம்ப்ரஸர் இருந்து, அதைக் கையாளவும் தெரிந்திருந்தால் விஷயம் வேறு.

திருப்பிப் பொருத்துவதில் ஓர் இடம் மட்டும் எழுதத்தக்கது. லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முழுவதும் இறுக்கிவிடுவது பட்டறைகளிலும் நடக்கும் தவறு. ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுகிக்கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் அதை இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். எனவே போல்ட்டுகளைக் கைவிறைப்பு அளவில் விட்டுவிட்டு, சக்கரங்களை மாட்டி, இரண்டு தடித்த தேக்குப் பலகைகளின் மேல் வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நான்கைந்து முறை அமுக்கி ஆட்டி அமரவைத்தபிறகு, அடியில் படுத்துக்கொண்டு சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்கினேன். ஈகோவின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் டார்க் ரெஞ்சைச் சுழற்றும் இடம் குறைவு. ஒவ்வொரு முறையும் ஒரு பல் அளவுதான் நகர்ந்தது. எரிச்சலூட்டும் வேலைதான், ஆனாலும் தவிர்க்கக் கூடாதது. டை ராடு எண்டின் கோட்டைநட்டுக்கு, அது கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட வேண்டும், பழையதை நிமிர்த்தி மீண்டும் போடக் கூடாது.

திங்கட்கிழமை காலையில் அலைன்மென்ட். பதினேழரைச் சுற்று என்ற என் கணக்கு பிழையில்லை என்று கணினித் திரை சொன்னது. டோ (முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சற்றே வெளிப்புறமாக இருந்ததை ஐந்து நிமிடத்தில் சரிசெய்தார்கள்.

அதன்பின் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் அது விட்டுச்சென்ற பள்ளங்களையும் வண்டி பார்த்துவிட்டது. ஏறக்குறைய நான்காயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு சத்தங்களும் போய்விட்டன. நான் எதிர்பாராத மாற்றம், ஸ்டீயரிங் லேசானது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் மேல் பேரிங் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டு சுழல்வதன் சுமை நேராகக் கையில் இறங்கியிருக்கிறது. பத்தாண்டுகளில் அது மெல்ல மெல்ல ஏறியதால் எங்களுக்கு உறைக்கவேயில்லை. திருப்பம் முடிந்து ஸ்டீயரிங்கை விட்டால் இப்போது தானாக நடுவுக்கு வருகிறது. புது ஷாக் முதல் சில நூறு கிலோமீட்டருக்குச் சற்று விறைப்பாக இருந்தது. ஆள் இல்லாமல் தனியாக ஓட்டும்போது சின்னக் குழிகள்கூட இடுப்புக்குத் தெரிந்தன. அண்டாக்கள் ஏறியபின் அந்த விறைப்பே வசதியாக மாறியது, பாரத்தோடு பிரேக் போட்டால் முன்பக்கம் முன்புபோல மூக்கைத் தரையில் குத்துவதில்லை. ஐந்நூறாவது கிலோமீட்டரில் எல்லா நட்டுகளையும் மறுபடி சோதித்தபோது, இடது ஸ்ட்ரட்டின் கீழ் நட்டு ஒன்று மட்டும் கால் சுற்று வாங்கியது. பாகங்கள், போல்ட்டுகள், பட்டறைக் கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்து, முதலில் ஒரு ஒர்க்ஷாப்பில் கேட்ட தொகையில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தில் முடிந்தது, என்னுடைய இரண்டரை நாளையும் தம்பியின் முணுமுணுப்பையும் கணக்கில் சேர்க்காமல்.

கம்ப்ரஸரை யாருக்கும் இரவல் கொடுக்காமல், பழைய ஆர்ம்களோடு சேர்த்து இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். முன்பக்கம் அமைதியானபின் பின்பக்கத்திலிருந்து வரும் சத்தம் காதில் விழத் தொடங்கியிருக்கிறது. அங்கே சுருள்வில் தனி, ஷாக் தனி என்பதால் வில்லை அமுக்க வேண்டிய வேலையே இல்லை. பங்குனியில் அதே கடைக்குப் போய், இந்த முறை பெட்டிகளை அங்கேயே திறந்து பார்த்து வாங்கிவருவதாக இருக்கிறேன்.